லைல் ஸ்டாம்பர் உரித்த நீலம்

லைல் ஸ்டாம்பர் தன் வாழ்நாளில் உரித்த லைனர்கள் முந்நூறுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றுக்காகத்தான் வருந்துகிறார். அந்த ஒன்றில் அவர் கரைத்துத் துடைத்தெறிந்த நீலப் பெயிண்டின் மேல் ஒரு பெண்ணின் பெயர் இருந்திருக்கலாம்.

லைனர் என்பது அமெரிக்கச் சிப்பாயின் எஃகுத் தொப்பிக்கு உள்ளே பொருந்தும் உள்தொப்பி. துணியைப் பிசினில் தோய்த்து, அழுத்தி வார்த்தது. முகாமில் எஃகைக் கழற்றிவிட்டு இதை மட்டும் மாட்டிக்கொண்டு திரியலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கில் மிஞ்சிப்போய், பள்ளிக்கூட அணிவகுப்புக்கும் கட்டட வேலைக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் போயின. போன இடமெல்லாம் மேலே ஒரு பெயிண்ட் ஏறியது. அதைப் படலம் படலமாக நீக்கி, அடியில் போர்க்கால அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் உரிப்பு என்று பெயர். சேகரிப்பவர்களில் பாதிப் பேர் தாங்களே உரித்துக் கெடுத்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் டேட்டன் நகரத்தில் இருக்கும் லைலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவருக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை. நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில்தான் தலை நரைத்தது. ஒரு கார் கதவை விரலால் தடவினாலே எத்தனை தடவை பெயிண்ட் வாங்கியது என்று சொல்லிவிடுவார். பணி ஓய்வுக்குப் பிறகு பிரேக் ஆயில், காது குடையும் பஞ்சுக்குச்சி, பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் மெல்லிய கொக்கி ஆகியவற்றோடு கார் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்.

லைனரைக் கையில் எடுத்தால் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்து உச்சியைப் பார்ப்பார். எந்தத் தொழிற்சாலை என்பதற்கான முத்திரை அங்கே இருக்கும். நெற்றியில் பேட்ஜ் குத்தத் துளை இருக்கிறதா? இல்லையென்றால் அது போருக்குப் பின் வந்தது. உள்பட்டைகளைப் பிடித்திருக்கும் வளையங்கள் இரும்பா பித்தளையா, பட்டை காக்கியா கரும்பச்சையா என்று பார்ப்பார். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். சேகரிப்பவர்களின் கண்காட்சிகளில் பக்கத்து மேஜை போடும் நார்ம் கிரெப்ஸ் அப்போதெல்லாம் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார்: "பல் டாக்டர் மோந்துட்டாரு. இனிமே நக்கிப் பாக்குறதுதான் பாக்கி."

அந்த லைனர் 2008 இலையுதிர் காலத்தில் கிடைத்தது. நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். புல்தரையில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவே, உடைந்த மேஜை விளக்கோடு ஒரே பெட்டியில் கிடந்தது. வான நீலம், வீட்டுச் சுவருக்கு அடிப்பது. பின்பக்கம் மஞ்சளில் ஏதோ எழுத்து. விளிம்பில் நாய் கடித்த தடம். லைல் கவிழ்த்துப் பார்த்தார். துளை இருந்தது, வளையங்கள் பச்சை பூசிய இரும்பு. போரின் தொடக்க ஆண்டுகளில் வந்தது என்பதில் சந்தேகமில்லை. நெற்றிப்பக்கம் நீலம் பெயர்ந்த இடத்தில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. உரிப்பவர்கள் கனவில் வருவது அந்தச் சிவப்புதான்.

வீட்டில் மனைவி ஃபெர்ன் அதை வாங்கிப் பார்த்தார்.

"நீலம் நல்லாத்தானே இருக்கு. அப்படியே வெச்சா என்னவாம்?"

"எவனோ சின்னப்பையன் சுவத்துப் பெயிண்ட எடுத்துப் பூசியிருக்கான், ஃபெர்ன். இது அழுக்கு. காரு மேல சேறு இருந்தா சேத்தையா பாப்பாங்க?"

அடுத்தவர் அனுப்பும் லைனர் என்றால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பார். இது தன்னுடையது என்பதால் எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். நீலம் பஞ்சில் ஊறி, குழம்பி, குப்பைக்கூடைக்குப் போனது. நெற்றியில் வெள்ளை வளையம் சூழ்ந்த சிவப்பு வட்டம் எழுந்து வந்தது. ஓஹையோ மாநிலத்துப் பிள்ளைகள் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட படைப்பிரிவின் சின்னம். ஒரு கீறல்கூட இல்லை. அவர் உரித்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று நார்ம் இன்றைக்கும் சொல்கிறார்.

உள்ளே நெற்றியில் படியும் தோல்பட்டையில் மங்கிய மையில் ஒரு குறி இருந்தது: பி 4172. சலவைக்குப் போகும் துணி மாறிவிடாமலிருக்க, குடும்பப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தையும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சிப்பாய்கள் எல்லாவற்றிலும் குத்தி வைப்பார்கள். அந்தக் குறியிலிருந்து ஆளைப் பிடிப்பதில் இவர்களுக்கு ஒரு தனி வெறி. படையில் சேர்ந்தவர்களின் பதிவுகளில் லைல் தேடினார். ஆள் அகப்பட்டார்: ஸ்டீவ் பலோக், டேட்டன்காரர், செத்து வெகுகாலம் ஆகிறது. மகன் ஜெர்ரி வியட்நாமில் இறந்துபோனவர். மகள் டோரீன் ஓரிகனில் இருந்தார். லைல் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"மேடம், உங்க அப்பாவோட ஹெல்மெட் லைனர் என்கிட்ட இருக்கு."

டோரீன் முதலில் கேட்டது நாயைப் பற்றி.

"விளிம்புல நாய் கடிச்சிருக்கா?"

"கடிச்சிருக்கு."

"அய்யோ. அது இருக்கா? அம்மா வீட்டுச் சாமான் எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னாங்களே."

"இருக்கு மேடம். நீங்க அத இப்ப பாத்தா அசந்துபோயிடுவீங்க."

மார்ச் மாதக் கண்காட்சிக்கே வந்து வாங்கிக்கொள்வதாக டோரீன் சொன்னார். நீலத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவருக்கு அந்தத் தொப்பி என்றாலே நீலம்தான். உரித்ததைப் பற்றி லைலும் சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை அது துடைத்து வைத்தது மாதிரி. இலவசமாகவே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்து, அதற்காக ஒரு கண்ணாடிப் பெட்டியும் செய்தார்.

கண்காட்சி நடந்தது மாவட்டச் சந்தைத் திடலின் பெரிய கொட்டகையில். காலையிலேயே நெரிசல். ராணுவக் கம்பளி விரித்த மேஜைகள், காப்பிக் குவளைகள், பிய்த்த கோழி போட்ட பன் வாங்க வரிசை. லைல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் நார்ம்.

"போடா. அந்தம்மா வர்றாங்க."

டோரீன் அறுபது வயதுப் பெண்மணி. குள்ளம், வேகமான நடை. கையில் மடித்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், தொப்பியைப் போட்டு எடுத்துப்போக. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு மேஜையின் மற்றப் பக்கங்களில் தேடினார்.

"எங்க இருக்கு?"

"இதுதான் மேடம்." லைல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "உங்க அப்பாவோட சின்னம். இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கிறதே அபூர்வம்."

டோரீன் அதை வாங்கவில்லை. பிறகு விளிம்பைப் பார்த்தார். பல் தடத்தின் மேல் விரலை வைத்தார்.

"எங்க நாய் பெப்பர் கடிச்சது," என்றார். "நீலம் எங்க?"

"அத உரிச்சுட்டேன்."

"உரிச்சுட்டீங்க."

"அடியில இது இருந்துச்சு மேடம். மேல யாரோ பிள்ளைங்க..."

"நாங்கதான் அந்தப் பிள்ளைங்க."

நார்ம் தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார். அவர் நின்றுகொண்டேதான் சொன்னார். 1961 கோடையில் ஊரில் சிறுவர்களுக்கான சரிவு வண்டிப் பந்தயம் நடந்தது. இன்ஜின் கிடையாது, பலகையில் தானே கட்டிய வண்டியில் உட்கார்ந்து சரிவுச் சாலையில் உருண்டு வர வேண்டும். அந்த நாளில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். வண்டியைப் பையன் ஒருவனாகவே கட்டியிருக்க வேண்டும், வேறு கை பட்டால் நீக்கிவிடுவார்கள். பலோக் வீட்டு வண்டியின் அச்சையும் பிரேக்கையும் செய்தது பன்னிரண்டு வயது டோரீன். ஜெர்ரி பாதிதான் செய்தான். அப்பா ஸ்டீவ், மகன் தனியாகச் செய்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மகளைப் பார்த்து, "நீ வாயத் திறக்காத," என்றார். அப்பாவின் தொப்பிக்கு நீலம் பூசி, பின்னால் தன் பெயரை எழுதி மாட்டிக்கொண்டு ஓட்டிய ஜெர்ரி மூன்றாவதாக வந்தான்.

"பந்தயம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, அவன் தொப்பியில அவன் பேருக்குக் கீழ என் பேர எழுதினான். இனிமே யாரு நம்மள நீக்குறதுன்னு சொன்னான். அப்பா அத ஒரு தடவகூட தொடல."

வருகிற ஜூலையில் பழைய பந்தயக்காரர்கள் ஒன்றுகூடுகிறார்கள். வண்டி கட்டியவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி நிரந்தரமாக மாட்டப்போகிறார்கள். தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி டோரீன் கேட்டிருந்தார். காட்ட ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க அப்பா அடியிலயே கிடந்திருந்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல, மிஸ்டர் ஸ்டாம்பர். அவரப் போய்த் தோண்டி எடுத்திருக்கீங்க."

நார்ம் பொறுக்கமாட்டாமல் வாயைக் கொடுத்தார். "லைலே பெயிண்டர்தான் மேடம். அதே நீலம், அதே மஞ்சள், அப்படியே அச்சு மாதிரி..."

"வாய மூடு நார்ம்," என்றார் லைல்.

புதிதாக எழுதிப் பழையது என்று காட்டுவதைவிடக் கேவலம் அந்தக் கொட்டகையில் எதுவும் கிடையாது. அப்படிப் பிடிபட்டவனுக்கு அடுத்த வருடம் மேஜை கொடுக்கமாட்டார்கள். டோரீனுக்கு அந்த விதி தெரியாது, ஆனால் அவரும் தலையை ஆட்டி மறுத்தார்.

"எழுத வேண்டாம். நீங்க வந்து சொல்லுங்க, போதும். அத கடைசியா பாத்தது நீங்கதான. பின்னாடி எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மஞ்சளா?"

"மஞ்சள்."

"என்னன்னு இருந்துச்சு?"

லைல் லைனரைக் கம்பளி மேல் வைத்தார்.

"படிக்கல மேடம்."

"ஒரு குளிர்காலம் முழுக்க கையில வெச்சிருந்தீங்க."

"ஆமா. படிக்கல."

தொழிற்சாலை முத்திரையையும் வளையத்தையும் அழிந்துபோன சலவைக் குறியையும் கண்ணாடி வைத்துப் படித்தவர். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த மஞ்சள் எழுத்தைப் படிக்கவில்லை. டோரீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ ஒரு கத்தி உறைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் என்னால சொல்ல முடியும்," என்றார் லைல். "ரெண்டு வரி இருந்துச்சு. மேல் வரியும் நீலமும் ஒண்ணா இளகி வந்துச்சு, அடுத்தடுத்த நாள் பூசின மாதிரி. கீழ் வரி அப்படி வரல. அது நல்லா காஞ்ச நீலத்து மேல எழுதினது. தனியா நின்னுச்சு. பிரஷ்ஷும் வேற, பட்டையா இருந்துச்சு. கீழ் வரி பிறகு எழுதினதுன்னு நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்."

"அது என் பேருதான்."

"இருக்கலாம் மேடம்."

"இருக்கலாம்னு சொன்னா பலகையில எழுதமாட்டாங்க. 'டோரீன்'னு இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

டோரீன் லைனரை எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டார். சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்து மேஜையில் வைத்தார்.

"இப்ப எடுத்துட்டுப் போனா எங்க அப்பாவத்தான் எடுத்துட்டுப் போறேன். ஜூலையில கொண்டு வாங்க. தெரிஞ்சத சொல்லுங்க."

அதற்குப் பிறகு லைல் கார் கொட்டகையில் அதிகம் உட்காருவதில்லை. உரிக்கச் சொல்லி இண்டியானாவிலிருந்து வந்திருந்த லைனர்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். சாப்பிட உட்கார்ந்தால் மேஜை விரிப்பில் விரலால் ஏதோ எழுதிப் பார்க்கிறார்.

"அந்தக் கீழ் வரி," என்றார் ஃபெர்ன் ஒருநாள், "டோரீன்னு இருந்த மாதிரி கொஞ்சமாவது ஞாபகம் வருதா?"

"வருது. தெளிவா வருது. முதல் எழுத்துக்கு வயிறு பெருத்து, கடைசி எழுத்து கீழ சரிஞ்சு போகுது."

"அப்புறம் என்ன? சொல்லிட வேண்டியதுதான?"

"அந்தம்மா சொல்றதுக்கு முன்னாடி அது ஞாபகத்துல இல்லையே, ஃபெர்ன். மார்ச்சுக்கு அப்புறம்தான் வருது. தினமும் இன்னும் கொஞ்சம் தெளிவா வருது."

ஃபெர்ன் அதற்கு மேல் கேட்கவில்லை. நார்ம்தான் விடாமல் நச்சரிக்கிறார். பொய் இல்லை, இரக்கம் என்கிறார். லைல் அவரிடம் ஒன்றுதான் சொன்னார்: அந்த எழுத்தை உள்ளபடியே படிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு வாய்ப்பு இருந்தது, அவன் பார்க்காமல் துடைத்துவிட்டான், இனி அவன் இட்டுக்கட்டிச் சொல்வது அந்தப் பெண்ணின் அண்ணன் எழுதியதாக ஆகாது.

ஒன்றுகூடல் ஜூலை பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. டோரீன் விமானச் சீட்டு எடுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லைல் பேச வேண்டும். பெயர்ப்பலகைக்கான முடிவை அன்று மாலையே எடுப்பார்கள்.