போகுமா சிஸ்டர்?

பிரசவ வார்டில் வேலை பார்ப்பவளிடம் ஊர் உலகம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். முதலில் "என்ன பிள்ளை?" அப்புறம், சுற்றியிருக்கிற துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு மச்சத்தைக் காட்டி, "இது போகுமா சிஸ்டர்?" முதல் கேள்விக்கு வாசலில் நிற்கிற வாட்ச்மேன்கூடப் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு எங்கள் வார்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தூத்துக்குடியில், ஹார்பர் பஸ் போகிற ரோட்டில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. இருபத்தோரு வருஷமாக அங்கே நர்ஸாக இருக்கிறேன். பிறந்த பிள்ளையைத் துடைத்ததும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கேஸ் ஷீட்டில் ஒரு பொம்மைப் படம் அச்சடித்திருக்கும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பிள்ளையின் மேல் இருக்கிற மச்சம், திட்டு, சிவப்பு எல்லாவற்றையும் அந்தப் படத்தில் வரைந்து, பக்கத்தில் 'போகும்' அல்லது 'போகாது' என்று எழுதுவேன். அதற்குப் பிறகுதான் பிள்ளை சொந்தக்காரர் கைக்குப் போகும். இந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் தப்பாக எழுதியிருக்கிறேன். அந்தத் தப்பில் ஒரு பிள்ளையின் கண் மாட்டிக்கொண்டது. அதையும் சொல்லத்தான் போகிறேன், முதலில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

யார் அடித்தது?

நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பிறக்கும்போதே பிட்டத்தில் நீலமாக ஒரு திட்டு இருக்கும். பார்த்தால் அடிபட்டுக் கன்றினது போலவே தெரியும். அடியும் இல்லை, நோயும் இல்லை. தோலுக்குள்ளே தங்கிவிட்ட நிறம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் என் சொந்தக்காரர்கள்.

காயல்பட்டினத்து வாப்பா ஒருவர் துபாயில் வேலை பார்த்தார். தலைப்பிள்ளை. அவருடைய அக்கா போனைப் பிடித்து வீடியோவில் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் துணி மாற்றும்போது அந்த நீலம் வாப்பா கண்ணில் பட்டுவிட்டது. "யாரு எம் புள்ளைய அடிச்சது? நான் அடுத்த பிளைட்டுல வாரேன், கேஸ் போடுதேன்!" என்று அங்கிருந்தே கத்தினார். "தம்பி, அடிபட்ட காயம்னா நாளைக்குப் பச்சையாகும், அப்புறம் மஞ்சளாகும். இது அப்படியே இருக்கும். அழுத்தினாலும் வலிக்காது" என்று சொல்லி, திட்டின் மேல் விரலை வைத்து அழுத்தியும் காட்டினேன். பிள்ளை கொட்டாவி விட்டது. அவர் அடங்கவில்லை, கேமரா பதிவைக் காட்டு என்றார். அக்கா போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"ஏலே, ஒனக்கு இதைவிடப் பெரிசா இருந்துச்சு, அஞ்சு வயசு வரைக்கும் நாந்தான் குளிப்பாட்டுனேன், இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லவா, போனை வைக்கியா?"

கிரகணம்

இது உங்கள் வார்டிலும் நடந்திருக்கும். பிள்ளையின் வயிற்றில் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு மச்சம். புருஷனுடைய அத்தை ஒருவர் அதைப் பார்த்ததும் தாயின் பக்கம் திரும்பி, "கிரகணத்தன்னைக்கு வெளியில போய் நின்னியா? வயித்தச் சொறிஞ்சியா?" என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டார். தையல் போட்டுப் படுத்திருக்கிற பெண், பாவம், அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, போகாது, பிள்ளையோடு சேர்ந்து வளரும், வேறு ஒன்றும் செய்யாது, நாளைக்கு நிறைய வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எல்லாம் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில், "அத்தை, உங்க கன்னத்துல கறுப்பா இவ்வளவு பெரிசா இருக்கே, அது எந்தக் கிரகணத்துல வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்: "இது லெச்சுமி மச்சம் சிஸ்டர், அதையும் இதையும் ஒண்ணாப் பேசாதிய!"

ஏரல் அண்ணாச்சியின் இரட்டையர்

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு ஆண் பிள்ளைகள் இரட்டையாகப் பிறந்தார்கள். அச்சு அசல் ஒரே முகம். மூத்தவனுக்கு மட்டும் இரண்டு இமையிலும் நெற்றி நடுவிலும் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு. அழுதால் இன்னும் சிவக்கும். அதை வைத்துத்தான் அண்ணாச்சி ஆளைக் கண்டுபிடித்தார். "ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல இது போயிடும் அண்ணாச்சி, மூத்தவன் கையில ஒரு கயிறு கட்டிவையுங்க" என்று டிஸ்சார்ஜ் அன்றே சொன்னேன். ஆண்டவன் போட்ட அடையாளம் இருக்கும்போது கயிறு எதற்கு என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்றே கால் வருஷம் கழித்து ஒரு மத்தியானம், இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இமை இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவர் மனைவிக்கு எவன் எவன் என்று நன்றாகத் தெரியும். அவளிடம் கேட்டால் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று என்னிடம் வந்திருக்கிறார். நான் பழைய ஷீட்டை எடுத்துவரச் சொல்லிப் படத்தைப் பார்த்தேன். மூத்தவனுக்கு இடது முழங்காலுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு கறுப்பு மச்சம், பக்கத்தில் என் கையெழுத்தில் 'போகாது'. இரண்டு பேரையும் திருப்பிப் பார்த்தோம், ஒருவனுக்கு இருந்தது. அண்ணாச்சி அவன் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"போகாதுன்னு நல்லாத் தெரியுமா சிஸ்டர்? ரெண்டாந் தடவையும் ரெண்டு பேரைத் தூக்கிட்டு என்னால பஸ் ஏற முடியாது."

ஏத்தமும் வத்தமும்

சில மச்சம் பிறக்கும்போது இருக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிவப்பாகத் தலை காட்டி, கோவைப்பழம் மாதிரிப் புடைத்துக்கொண்டு வளரும். அப்போது எல்லோரும் என் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். சங்கு குளிக்கிற ஒருவர் அப்படி வந்தார். மகளின் தோளில் பழம் போல இருந்தது. "நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கிய" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சுண்ணாம்பு தடவச் சொன்னாளாம், நல்லவேளை தடவவில்லை. எங்கள் டாக்டரம்மாவும் பார்த்தார். இது இன்னும் சில மாசம் வளரும், பயப்படக் கூடாது, பிறகு தானாகச் சுருங்கும், முழுசாக அடங்கச் சில வருஷம் ஆகும், புண்ணானால் மட்டும் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாசாமாசம் வந்தார். ஒரு நூலை அந்த மச்சத்தின் குறுக்கே பிடித்து, மச்சம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார். ஆறு முடிச்சும் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போயின. ஏழாவது, எட்டாவது மாசம் நூல் ஒரே இடத்தில் நின்றது. ஒரு வயசு முடிந்து அடுத்த மாசம் வந்து அளந்தார். மச்சம் கடைசி முடிச்சு வரை எட்டவில்லை. நூலை என் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே பிழைக்கிற மனிதர், சொன்னார்:

"ஏத்தம் முடிஞ்சிட்டு சிஸ்டர், இனி வத்தந்தான்."

நான் தப்பாக எழுதியது

முத்துலட்சுமி என்று ஓட்டப்பிடாரத்துப் பெண். புருஷன் ஹார்பரில் லாரி ஓட்டுகிறார். பெண் பிள்ளை பிறந்தது. நெற்றியிலும் இமையிலும் சிவப்பு. ஏரல் பிள்ளைக்கு இருந்தது போலத்தான் என்று நினைத்துவிட்டேன். ஜன்னல் திரை மூடியிருந்தது, டியூப் லைட் வெளிச்சம், பிறந்த பிள்ளை உடம்பு முழுக்கவே சிவந்து கிடந்தது. அன்றைக்கு மட்டும் நான் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து என் மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவு, மனசு பத்திரிகையிலும் பந்தலிலும் இருந்தது. "மாமியார் கேப்பாங்க சிஸ்டர், போகுமா?" என்றாள் முத்துலட்சுமி. துணியை மடித்துக்கொண்டே "ஒரு வருஷத்துல போயிடும்மா" என்றேன். ஷீட்டிலும் எழுதினேன். டாக்டரம்மாவுக்குப் பதிலாக வந்திருந்த டாக்டர், நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் பெயரே அந்தப் பிள்ளைக்கு வினையாகிவிட்டது.

லீவு முடிந்து வந்து ஷீட்டுகளை அடுக்கும்போது என் படமே என்னைப் பிடித்துக்கொண்டது. வலது இமை, வலது நெற்றி. நடுவில் கோடு கிழித்தது போல நின்றுவிட்டிருந்தது சிவப்பு. கை சரியாக வரைந்திருக்கிறது, புத்திதான் பக்கத்தில் தப்பாக எழுதியிருக்கிறது. போகிற சிவப்பு பெரும்பாலும் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் இருக்கும். இப்படி ஒரே பக்கமாக நிற்பது போகாது. போகாவிட்டால் என்ன, அது பெரிசில்லை. ஆனால் இமையின் மேல் இருந்தால் உள்ளே கண்ணில் அழுத்தம் ஏறலாம், வெளியே தெரியாமல் பார்வை போகலாம். உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர்களோ என் வார்த்தையை நம்பி ஒரு வருஷம் காத்திருக்கப் போகிறார்கள். ஷீட்டிலிருந்து நம்பரை எடுத்தேன். போன் செய்தேன். புருஷன் எடுத்து, "சிஸ்டர், இன்னைக்குப் பேரு வைக்கோம், வாங்க வாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லி, மேளச் சத்தத்தில் போனை வைத்துவிட்டார்.

போனேன். வீடு நிறையக் கூட்டம். மாமியார் என்னைப் பார்த்ததும், "இவங்கதான், ஒரு வருஷத்துல போயிடும்னு சொன்ன சிஸ்டர்!" என்று எல்லோருக்கும் காட்டினார். அந்த நிமிஷம் திரும்பிப் பஸ் ஏறிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் தொட்டிலில் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது போகாது. வயசாக ஆக நிறம் இன்னும் அழுத்தமாகும். அதை அப்புறம் பாத்துக்கலாம். கண்ணை நாளைக்கே காட்டணும்" என்றேன். மேளம் நின்றுவிட்டது. "நல்ல நாள்ல இங்கன வந்து இதையா சொல்லுதிய?" என்றார் மாமியார். முத்துலட்சுமி எழுந்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எத்தனை மணிக்கு வரணும் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். வலது கண்ணில் அழுத்தம் ஏறத்தான் ஆரம்பித்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், மருந்து, மாசாமாசம் சோதனை. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று கண் டாக்டர் சொன்னபோது, வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன், முத்துலட்சுமி எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

போன மாசம் முத்துலட்சுமிக்கு இரண்டாவது பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, தம்பியைப் பார்க்க யூனிபாரத்தோடு வந்தாள். வலது இமையும் வலது நெற்றியும் நல்ல சிவப்பு. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அம்மாள் ஒருவர், "என்ன பாப்பா மூஞ்சியில, போயிடுமா?" என்று கேட்டார். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் என்னைக் கைகாட்டி, "போகாது, இந்த சிஸ்டரே எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு, கண் டாக்டரிடம் செய்து பழகியபடி, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த போர்டை வலது கண்ணால் எழுத்துக்கூட்டி வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள்:

"அ-மை-தி கா-க்-க-வும்!"

நான் சரியாகச் சொன்ன பிள்ளைகள் எல்லாம் மச்சத்தோடு சேர்த்து என்னையும் மறந்துவிட்டார்கள், தப்பாகச் சொன்ன ஒருத்திதான் நான் யார் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.