பேசிக்கொண்டே இழுத்த தேர்

போன வாரம் எங்கள் வில்லியனூர்த் தேரில், வடம் பிடித்தவர்களில் ஒரு ஆள் மட்டும் கோஷம் போடாமல், பாகூர்க் கத்தரிக்காய் உசத்தியா, காட்டேரிக்குப்பத்துக் கத்தரிக்காய் உசத்தியா என்று சத்தமாக வாதாடிக்கொண்டே வந்தார். பார்த்தீர்களா? அது நான்தான்.

பைத்தியமா? இல்லை, வைத்தியம்!

எனக்கு வெகுநாளாக இரைப்பு நோய். கொஞ்சம் தூசி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அதனால் வருஷா வருஷம் தேரன்று எட்டி நின்று கும்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவேன். கவர்னர் துரைகூட பாண்டிச்சேரியிலிருந்து காரில் வந்து வடம் தொட்டுவிட்டுப் போகிறார்... உள்ளூர்க்காரன் நான் தொட்டதில்லை! இந்த வருஷம் ஒரு தெருவாவது இழுத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். அவ்வளவு ஆசை.

ஆசை இருந்தால் போதுமா? உடம்பு வேண்டாமா?

என் மச்சினன் கோதண்டம் குஸ்தி போடுகிறவன். "நான் தேத்தி வுடறேன் மாமா" என்றான். முதல் நாளே தண்டால், பஸ்கி, கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓட்டம். போகும்போது வண்டிக்குப் பின்னால் ஓடினேன். வரும்போது வண்டியில் கிடந்து வந்தேன். அன்று முழுக்கப் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"ஏன்டா, மாமாவ தேத்தச் சொன்னா தீத்துடப் பாக்கறியே!" என்று என் மனைவி அலமேலு தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் என் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார்.

"ஓட்டம் வேணாம் முசியே. நடங்க. பேசிக்கினே நடங்க. பேச்சு வந்தா வேகம் சரி. அறுந்துச்சின்னா நின்னுடுங்க. நாளாக ஆகத் தூரத்தக் கூட்டிக்கலாம்."

மாத்திரை எப்போதும் மடியில் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

பேச ஆள் வேண்டுமே? அலமேலு வந்தாள். புழுதி கிளம்புவதற்கு முன்பே ஆற்றங்கரைக்குக் கிளம்புவோம். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. ஒரே சங்கடம்... அவள் சொல்வது நியாயமாக இருந்து நான் பதில் இல்லாமல் முழித்தாலும், "மூச்சு வாங்குது, உக்காருங்க" என்று உட்கார வைத்துவிடுவாள். ஆனாலும் தேர் நெருங்குவதற்குள் நடை நன்றாகக் கூடிவிட்டது.

தேரன்று தெருவுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வடத்தைத் தொட்டதும் எனக்குக் கண் கலங்கியது. பிறந்த வீட்டு அபிமானத்தில் பாகூர்க் கத்தரிக்காயை ஆரம்பித்து வைத்தாள் அலமேலு. நான் விடவில்லை. வடத்தையும்தான்.

தெருமுனை நெருங்கும்போது, "காட்டேரிக்குப்பத்து..." என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

"வுடுங்க" என்றாள்.

ஊரே பார்க்கிறது. முன்னால் கோதண்டம் "இழு, இழு!" என்று கத்துகிறான். பாதியில் எப்படி விடுவது? கரும்பு வண்டி நினைவுக்கு வந்தது. விட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. நிமிர்ந்தால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரை நிறுத்தியிருக்கிறார்கள். கோதண்டம் முழங்காலில் கை ஊன்றி இரைக்கிறான்.

"இன்னாடா, நீயும் நின்னுட்டே?"

"தேரே... நிக்குது... மாமா!"

மோர் வந்தது. என் மூச்சும் வந்தது. மறுபடி கட்டை எடுத்தபோது, "...கத்தரிக்காய்தான்டி உசத்தி" என்று சொல்லி முடித்துவிட்டு வடத்தைப் பிடித்தேன்.

சாமியே மூலைக்கு மூலை நின்றுதான் நிலைக்கு வந்து சேருகிறார். எனக்கென்ன அவ்வளவு அவசரம்?