மூட்டம் பார்த்துப் போன கடற்கரை

என் மகளுக்கு இன்றைக்கும் வானம் கறுத்தால்தான் கடற்கரை நினைவு வரும். அவள் இப்போது இருக்கும் குளிர் நாட்டில் வெயிலைக் கண்டதும் ஊரே கடலுக்கு ஓடுகிறது. இவளோ முகில் கூடியதும்தான் பிள்ளைகளைக் காரில் ஏற்றுகிறாளாம். மருமகன் தொலைபேசியில் என்னிடம் முறையிடுவார். "அது தாய் பழக்கின பழக்கம், தம்பி. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது" என்று கையை விரித்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. அச்சுவேலியில் இருந்தோம். நான் பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. அடுத்த ஒழுங்கையில் குண்டு விழுந்த நாளிலிருந்து மகள் வெளி வானத்தின் கீழே நிற்க மறுத்துவிட்டாள். வீட்டிலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து பதுங்கும் பங்கர் குழி, அதற்கு மேல் அவளுக்கு உலகம் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை, கோயிலும் இல்லை. கிணற்றடிக்குப் போவதென்றாலும் தலைக்கு மேல் சுளகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். முதலில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. மாதங்கள் போகப் போக எனக்குப் பயம் பிடித்தது. பயந்தால் கத்துகிற ஆள் நான். பிள்ளையைப் பார்த்துக் கத்த மனம் வராமல் கிணற்றுக் கப்பியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்களில் ஜேர்மனியில் இருந்த மனைவியின் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். இராட்டினங்களும் மலை உயரச் சறுக்குமரங்களும் நிறைந்த பெரிய களியாட்டப் பூங்கா. அவளுடைய பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணை மூடி, வாயைப் பிளந்தபடி சறுக்கி வருகிறார்கள். மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, ஏன் உவை மேலை பாக்கேல்லை?"

மனைவி படத்தைக் கையில் வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தாள். இரவு சாப்பாட்டுக்கு இருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, மார்கழி லீவுக்குப் பிள்ளையளை மணற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறம். அங்கை மணல் மலை இருக்கு. சறுக்கலாம். கடலும் பாக்கலாம்."

"விசரே உமக்கு? போற வழியிலை வல்லை வெளி கிடக்கு. ஒரு மரம் இல்லை. இவள் வீட்டு முத்தத்துக்கே வாறாளில்லை!"

"அதுதான் போறம்."

"கடலிலை நேவிக் கப்பலோடை நிக்கிறவங்களுக்குக் கண் இல்லையோ?"

"நாங்கள் மணலுக்கு இஞ்சாலைப் பக்கம்தானே விளையாடப் போறம். அவைக்குத் தெரியாது."

"ஆகாயத்திலை வாறவனுக்கு?"

"மூட்டமான நாளாப் பாத்து வெளிக்கிடுவம். முகிலுக்குள்ளை அவன் வரமாட்டான்."

அது உண்மைதான். வானம் நன்றாக மூடிக் கிடக்கும் நாளில் குண்டுபோடும் பொம்பர் வருவது குறைவு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த அறிவை வைத்து உல்லாசப் பயணம் திட்டமிட்டவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வெறுங்கையால் முழம் போடுகிறாள் என்று எரிச்சலாக வந்தது. அவளோ அளந்துதான் போட்டாள். சறுக்குவதற்குக் கமுக மடல் இரண்டு எடுத்து, பங்கர் வெட்டிய மண் கும்பியாய்க் கிடந்த இடத்தில், மாமர நிழலிலேயே மகளை வைத்து ஒத்திகை பார்த்தாள். வெள்ளைச் சட்டை வேண்டாம், மேலிருந்து பார்த்தால் துலங்கும் என்று தன் பழைய பச்சைச் சேலையில் இருவருக்கும் உடுப்புத் தைத்தாள். சாப்பாட்டுக்கு வாழையிலையில் பிட்டு, போத்தலில் பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. கடையில் வாங்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கறுப்புக் குடை ஒன்றையும் சைக்கிளில் கட்டினாள்.

"நனைஞ்சால் நனைவம். உதென்னத்துக்கு, வாடைக் காத்துக்கு முன்னாலை?" என்று நான் பாய்ந்தேன். அவள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லீவு தொடங்கியதும் எங்கள் ஊர் வழமைக்கு மாறாக வெயிலில் காய்ந்தது. அயலவர்கள் நெல்லுக் காயப்போட்டு மகிழ்ந்தார்கள். மனைவி காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, "இண்டைக்கும் நல்ல வெயில், போகேலாது" என்று உதட்டைப் பிதுக்குவாள். மகளும் மாமரத்தடியில் நின்று, இலைகளுக்கிடையால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கும் சரியில்லை" என்பாள். அவள் தானாக வானத்தைப் பற்றிப் பயமில்லாமல் கதைத்தது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனித்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒருநாள் விடியும்போது வானம் சட்டியின் அடிபோல் கறுத்துக் கிடந்தது. வெளிக்கிட்டோம். மகன் மனைவியின் சைக்கிள் பாரில், மகள் என் கரியரில். முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் வந்தாள்.

வல்லை வெளி நடுவில் வாடை எதிர்த்து அடித்தது. மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை. அப்போது பார்த்து முகில் கிழிந்தது. வெளி முழுவதும் பளீரென்று வெயில். மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா, திரும்புவம். அப்பா!"

அவளுடைய உடம்பு நடுங்கியது எனக்கு முதுகில் தெரிந்தது. ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. நான் காலை ஊன்றிச் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். முன்னால் போன மனைவி இறங்கி, சைக்கிளைத் தரையில் சாய்த்து, மகனை இடுப்பில் இருத்திக்கொண்டு வந்தாள். ஒற்றைக் கையால் குடையை விரித்து மகளிடம் நீட்டினாள்.

"இந்தா குஞ்சு, கூரை. கூரையையும் கொண்டுதான் வந்தனாங்கள்."

மகள் இரண்டு கையாலும் பிடியைப் பற்றினாள். ஒரு வீச்சுத்தான். வல்லைக் காற்று குடையை மறுபக்கம் புரட்டிவிட்டது. கம்பிகளெல்லாம் மேலே நிமிர்ந்து, அவள் தலைக்கு மேலே பெரிய கறுப்புச் சட்டி ஒன்று ஆடியது. மகள் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, கூரை பறக்குது!" என்று சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! தலைக்கு மேலே குடைக் கம்பி, அதற்கு மேலே திறந்த வானம், அதைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றுக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"போவமே, திரும்புவமே?" என்று மனைவி மகளிடம் கேட்டாள், என்னிடம் அல்ல.

"போவம்."

மணற்காட்டில் அந்தப் பிள்ளை சறுக்கிய சறுக்கலுக்குக் கணக்கில்லை. உச்சியிலிருந்து, மடலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு வந்தாள். மேலே பார்க்கவில்லை. மகனை மடியில் வைத்துச் சறுக்கினாள். என்னையும் சறுக்கச் சொன்னாள். வாத்தியார் பாதி வழியில் மடல் கிழிந்து உருண்டு வந்ததைப் பார்த்துக் குடும்பமே வயிற்றைப் பிடித்தது.

பிறகு பிள்ளைகள் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் கடலைக் கண்டு கூவினார்கள். நானும் ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

"அம்மா, ஏறி வாங்கோ! கடல்!"

"நீங்கள் பாருங்கோ. நான் பிட்டைப் பாக்கிறன், நாய் வந்திடும்."

அவள் மணலின் அடியில், சவுக்கு மரத்தோரம் நின்றாள். உட்காரவே இல்லை. கடல் இரைச்சலில் பொம்பர் வந்தாலும் காதுக்குக் கேட்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு நாயும் இருக்கவில்லை என்பதும் தோன்றவில்லை.

திரும்பும்போது பின்னேரம். வல்லை வெளியில் காற்று இப்போது முதுகில் தள்ளியது. வானம் துடைத்துவிட்டதுபோல் வெளித்திருந்தது. மகள் குடை கிடை இல்லாமல் என் முதுகில் சாய்ந்து, முகத்தில் மஞ்சள் வெயில் விழ, நித்திரையாகிவிட்டாள். மனைவி சைக்கிளை என்னருகே கொண்டுவந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கடல் என்ன நிறமா இருந்தது?"

அவள் கடலையே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிதிப்பதை மெதுவாக்கினேன்.

"கரைக்குக் கிட்டப் பச்சை. அங்காலை போகப் போகக் கறுப்பு. அலை உடையிற இடத்திலை…"

வல்லைப் பாலம் கடக்கும்வரை சொன்னேன். அவள் "ஓம், ஓம்" என்று கேட்டபடி, பொம்பர் வரும் தெற்கு வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மிதித்துக்கொண்டு வந்தாள்.