எதுவும் வெடிக்காது

செங்கல்பட்டில் பஸ் ஏறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறுநாள் காலை மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் நடக்கும் கருத்தரங்கில் நான் பேச வேண்டும். பேசத்தான் எதுவும் இல்லை. கணினிக்குள் நாங்கள் கட்டிய நட்சத்திரம் வெடிப்பேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

என் ஆராய்ச்சி மாணவியிடம் போனில் கத்தினேன். பஸ் இரைச்சலில் கத்தாமல் என்ன செய்வது? "இன்னும் வெடிக்கலையா? கோர்ல அழுத்தம் எவ்வளவு? நியூட்ரினோ உள்ளேயே மாட்டிக்கிட்டா எப்படி வெடிக்கும்? சிதறலைக் கொஞ்சம் குறைச்சு ஓட விடு. சாயங்காலத்துக்குள்ள வெடிச்சே ஆகணும்."

போனை வைத்ததும், மடியில் காய்கறிப் பையோடு பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "இன்னாம்மா வெடிக்கப்போவுது? என் வூட்டுக்காரு அணுமின் நிலையத்துல காண்ட்ராக்ட் வேலையில கீறாரு."

அவசரமாக அவள் பக்கம் திரும்பினேன். "நட்சத்திரம்க்கா. வானத்துல இருக்கிறது."

"நட்சத்திரத்துக்கு இன்னாத்துக்கு சாயங்காலம் கெடு?"

அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். வேலை நேரத்தில் கணவரிடம் போன் இருக்காதாம். கேட்டுக்கு வெளியே நிற்கும் மேஸ்திரியிடம் சொல்லி அவரை வரவழைக்கப் போகிறாள். பாதி ஷிப்டில் ஓடிவந்தால் வேலை போய்விடுமே என்றேன்.

"போவட்டும். உசுரு பெருசில்லியா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். நியூட்ரினோ என்று ஒரு துகள். இந்தப் பஸ்ஸையும் நம்மையும் எதுவும் செய்யாமல் ஊடுருவிப் போய்விடும். சாகப்போகும் பெரிய நட்சத்திரத்தின் நடுவில், அந்தக் கோரில் மட்டும் நெரிசலில் மாட்டிக்கொள்ளும், முகூர்த்த நாள் பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் இறங்க முடியாமல் தவிப்பதுபோல. முட்டி மோதி வெளியே வரும்போது அது கொடுக்கும் சூட்டில்தான் நட்சத்திரம் வெடிக்கிறது. எவ்வளவு நேரம் மாட்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. சொல்லச் சொல்ல எனக்கே புளுகு மாதிரி இருந்தது.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "இங்க எதுவும் வெடிக்காதுன்னு அடிச்சு சத்தியம் பண்ணு."

எங்கள் தொழிலில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. 'பெரும்பாலும்', 'எங்கள் மாதிரியின்படி' என்று இழுத்தே பழகிவிட்டோம். அவளுடைய இன்னொரு கையின் கட்டைவிரல் மேஸ்திரியின் எண்மேல் இருந்தது. பயத்தோடுதான் அடித்தேன்.

"எதுவும் வெடிக்காது."

அடித்த கையை அவள் விடவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் போன் அடித்தது. மாணவிக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்திருந்தது. "மேடம், வெடிச்சிடுச்சு."

மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல். சீட்டைவிட்டு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"இன்னா சொல்றாங்க?" அவள் பிடி இறுகியது.

"ஒண்ணுமில்லக்கா. சாப்பிட்டீங்களான்னு கேக்குறா."

மாமல்லபுரம் வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வழி முழுக்க என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.