ஐந்தாவது கூறு

போன வாரம் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் போனேன். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான் — பேப்பரில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். வேறு வழியில்லாத நாட்களில் நொச்சிக்குப்பத்தில் டில்லி மாமாவின் படகில் வலை இழுக்கப் போவேன். விற்றது போக, குழம்புக்கென்று கொஞ்சம் மீனை மணலில் கூறு வைப்போம். ஆளுக்கு ஒரு கூறு. படகில் போவது என்னையும் சேர்த்து நாலு பேர். கூறு மட்டும் ஐந்து!

ஐந்தாவது, ரமேஷுக்கு. போன மழைக்காலத்தில் இதே படகிலிருந்து அலையில் விழுந்தவன். உடம்பு கரை ஒதுங்கவில்லை. அவன் மனைவி கலா ‘போதும்’ என்று சொல்கிற வரைக்கும் அவனுக்கும் கூறு உண்டு. இந்தப் படகின் வழக்கம் அது. சொல்லிவிட்டால்? அவன் செத்துப்போனான் என்று அவளே சொன்ன மாதிரி. அதனால் தினமும் பேசின் பாத்திரத்தோடு வருவாள். வாங்கிக்கொண்டு போவாள்.

மற்றக் கூறுகளில் காக்காய் வாய் வைக்கும். அதில் வைக்காது. ஏன் என்று யாரும் பேசுவதில்லை...

அன்றைக்குக் கலா கையில் செல்போன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்காக இங்கிலீஷ் படிக்கிறாள்.

“ண்ணா, நீதான் பேப்பர்ல எழுதிக்கினு கீறியே... டிவைடுன்னா இன்னா?”

“வகுக்கறதும்மா. பங்கு பிரிக்கறது.”

“அத்த எப்டி சொல்றது?”

“ஆளுங்களுக்குள்ள பிரிச்சா, டிவைட் அமங். நம்பரால வகுத்தா, டிவைட் பை. நாலால வகுத்தா டிவைட் பை ஃபோர்.”

டில்லி மாமா சிரித்தார். “நைனா, மீனு காயுது. வாத்தியார் வேலய அப்பால வச்சிக்கோ. கூறு போடு.”

குனிந்தேன். கலா நகரவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ண்ணா... டிவைட் பை ஃபோர்.”

மாமாவின் சிரிப்பு நின்றது. “இன்னாம்மா சொல்ற?”

“நாலு, மாமா. நாலு போதும்.”

தமிழில் இத்தனை மாதமாக வாய்க்கு வராத கணக்கு! அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை இறக்கக் கரித்துணி வேண்டியிருக்கிறதே — அவளுக்கு அந்த இங்கிலீஷ் அப்படி.

நாலு கூறு வைத்தேன். என் கையால்தான். மாமா ஒன்று எடுத்தார். மற்ற இருவரும் எடுத்தார்கள். என்னுடையதை நான் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால்...

மணலில் இன்னும் ஒரு கூறு. எங்கள் மீனெல்லாம் வெயிலில் காய்ந்துபோயிருந்தது. அது மட்டும் சொட்டச் சொட்ட ஈரம்.

பையைத் தொட்டுப் பார்த்தேன். என் பங்கு இருந்தது. மற்ற மூவர் கையிலும் அவரவர் பங்கு இருந்தது.

கலாதான் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பேசினை நீட்டவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“வேலைக்குப் போறேன்யா. உட்டுடு.”

எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். நான்தான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.