வெடித்த ஷெட்டில் கோல்ஃப்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடமாகப் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறேன். தீபாவளி முடிந்து கார்த்திகையும் கழிந்துவிட்டால் எங்களுக்கு வேலை குறைந்துவிடும். அடுத்த சீசனுக்கான ஆர்டர்கள் வரும்வரை பழைய லேபிளில் நிறம் மாற்றுவதும் எழுத்துப் பிழை திருத்துவதுமாக நாள் போகும். அப்படி ஒரு மத்தியானம் முதலாளியின் மகன் வந்து என் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றினார். அச்சகத்திலேயே நல்ல கம்ப்யூட்டர் என்னுடையதுதான். அவர் லேப்டாப்பில் அது திக்கித் திக்கி ஓடியதாம்.

அவருக்கு இருபத்தைந்து வயது. பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். அவர் அப்பாவை நாங்கள் அண்ணாச்சி என்போம், அவரைத் தம்பி என்போம். அவர் என்னை அக்கா என்பார். அவரை எனக்கு அப்போதே பிடிக்காது. சொல்லும்படியாக அவர் எதுவும் செய்துவிடவில்லை. என் நாற்காலியில் கேட்காமல் உட்காருவார். அது போதும் எனக்கு.

"உலகம் அழிஞ்ச பெறகு நடக்குற கதைக்கா. செம காமெடி" என்றார்.

பார்த்தால் காமெடி மாதிரி இல்லை. சாம்பல் நிறத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பாதி முறிந்த பாலம், தண்ணீரில் கவிழ்ந்த ரயில், ஆளில்லாத அடுக்குமாடிகள். அதன் நடுவே மூச்சுக்கவசம் போட்ட ஒருவன் ஒரே ஒரு கோல்ஃப் மட்டையோடு நடந்து போகிறான். ஊரைக் கெடுத்த பணக்காரர்கள் எல்லாரும் அழிவுக்கு முன்பே கப்பலேறித் தப்பிவிட்டார்கள். இப்போது விடுமுறைக்கு வந்து இடிபாடுகளில் கோல்ஃப் ஆடிவிட்டுப் போகிறார்கள். அதுதான் கதை. ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வரவேற்கும். "மதிப்பிற்குரிய விருந்தினரே, இங்கே முன்பு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றாவது ஜன்னல் வழியாகப் பந்தை அடித்தால் கூடுதல் புள்ளி." ஆங்கிலத்தில் வருவதை அவர் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதல் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

ஏழாவது குழி ஒரு வெடித்த ஃபாக்டரி. நாலு நாள் முயன்றும் அவரால் தாண்ட முடியவில்லை. நான் மவுசைக் கேட்டு வாங்கினேன். லேபிளில் போடுகிற குழந்தைப் படங்களின் தலைமுடியைப் பின்னணியிலிருந்து இழை இழையாக வெட்டியெடுத்துப் பழகிய கை இது. முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போனது. "ஏக்கா! எப்டிக்கா?" என்று துள்ளினார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு நான்தான் ஆடினேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கடைசிக் குழியை முடித்ததும் அந்தக் குரல், "இந்த இடத்தைப் பாழாக்கியதில் உங்கள் பங்கைக் காண இங்கே அழுத்தவும்" என்றது. தம்பி அதை அழுத்தவில்லை. "அவ்ளோதான்க்கா, முடிஞ்சுது" என்று மூடிவிட்டார். இது உன்னைத்தானடா சொல்கிறது என்று மனதுக்குள் கறுவினேன். என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

தை மாதம் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து புது ஐட்டத்துக்கு லேபிள் கேட்டார்கள். உருண்டையாக மேலே போய் வெடிக்கும் வெடி அது. 'கோல்ஃப்' என்றே பேர் வைக்கலாம், இடிந்த நகரத்தில் ஒருத்தன் மட்டையோடு நிற்கிற மாதிரி படம் போடலாம் என்று தம்பி சொல்ல, கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் படம் வெளிநாடு மாதிரி இருக்கிறது, நம்ம ஊர் மாதிரி வேண்டும் என்றார்கள்.

"வெம்பக்கோட்டைப் பக்கம் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெடிச்ச யூனிட் ஒண்ணு அப்டியே கெடக்காம்க்கா. ஞாயித்துக்கெழம போயி போட்டோ எடுத்துருவோம். நீங்க கேமரா பிடிங்க, நான் நிக்கிறேன்."

அந்த யூனிட்டில் என் அம்மா வேலை பார்த்தாள். திரி வெட்டுகிற பிரிவு. வெடித்த அன்று தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். பறந்து வந்த தகரம் இடது கையைச் சுட்டதோடு போயிற்று. அவளோடு ஒரே வேனில் போன நாலு பேர் செத்துப்போனார்கள். அம்மா அதற்குப் பிறகு எந்தப் பயர் ஆபீசுக்கும் போகவில்லை; பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இதையெல்லாம் நான் அச்சகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே நான் டிசைனர். பயர் ஆபீஸ்காரி மகள் என்று தெரிந்தால் பேச்சின் தோரணை மாறிவிடும் என்று எனக்குப் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமல் அவர் காரில் ஏறினேன். அம்மாவிடம் அச்சக வேலை என்றேன்.

கம்பி வேலியை யாரோ ஏற்கனவே வளைத்து வழி செய்திருந்தார்கள். உள்ளே கூரை இல்லாத அறைகள். சுவரெல்லாம் கரி. தரை வெடிப்புகளில் புல் முளைத்து, ஏழெட்டு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பி காரிலிருந்து மூச்சுக்கவசத்தையும் ஒரு நிஜ கோல்ஃப் மட்டையையும் எடுத்தார். யாரிடமோ கேட்டு வாங்கியதாம். பந்தை ஓர் அறையின் வாசலில் வைத்தார். அந்த அறை எதுவென்று அம்மா சொல்லக் கேட்டு எனக்குத் தெரியும். வெடிமருந்து கலக்குகிற அறை.

அவர் ஓங்கி அடித்தார். மட்டை தரையில் உரசிக் கிரீச்சென்றது.

"யாருப்பா அது? இரும்பக் கொண்டி அங்கன அடிக்காதீக!"

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். கையில் ஆடு ஓட்டுகிற குச்சி. என் அம்மாவோடு அதே வேனில் வேலைக்குப் போனவர்தான். அவருடைய வீட்டுக்காரர்தான் அந்த அறையில் மருந்து கலந்தவர், செத்த நாலு பேரில் ஒருவர். நான் கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

"மருந்து ரூம்ல செருப்புக் காலோட கூட ஏற மாட்டோம். நீங்க இரும்பத் தூக்கிட்டு நிக்கீக. ஒரு பொறி பட்டாப் போதும். எந்த மூலையில என்ன கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மழ பேஞ்சு போச்சும்மா. ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிசம், ஒரு போட்டோதான்" என்றார் தம்பி. பணிவாகத்தான் சொன்னார்.

"எதுக்கு போட்டோ?"

"பட்டாசு லேபிளுக்கு."

அந்த அம்மா உள்ளே போய், உருண்டு கிடந்த பந்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, அறையின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "இப்ப அடிங்க பாப்போம்" என்றார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "எடுத்துருங்கக்கா, அவங்கள அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்" என்றார். நான் எடுத்தேன். பதினாறு படம் எடுத்தேன். கேமராவை இறக்கும்போது அந்த அம்மாவின் கண் என் முகத்தில் வந்து நின்றது.

"நீ அவ மகதானடி?" என்று என் அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டார்.

நான் காருக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை அவரை அழித்தேன். முதலில் குச்சி, பிறகு கால்கள், பிறகு சேலை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கரிந்த தரையை நகலெடுத்து நிரப்பினேன். கால் மணி நேர வேலை. அங்கே ஓர் ஆள் இருந்த சுவடே தெரியவில்லை. தம்பி பின்னால் நின்று பார்த்துவிட்டு "சூப்பர்க்கா" என்றார். எனக்கு அந்த வார்த்தை பெருமையாக இருந்தது. அதுதான் இன்றுவரை என்னால் சகிக்க முடியாதது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்குச் சேதி வந்திருந்தது.

"அங்கன போயி பந்து அடிச்சீகளாமே? ஒங்க மொதலாளி மகனும் நீயும்?"

"நான் அடிக்கலம்மா. போட்டோதான் எடுத்தேன்."

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் வெளியூர்ல படிச்சு வந்தவன். ஒனக்குத் தெரியும்லடி." சுட்ட கையால் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. அச்சு மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன்க்கா, இத நீங்க முன்னாடியே சொல்லிருந்தா நான் போயிருப்பேனா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதனாலேயே அவர்மேல் கோபம் இன்னும் கூடியது. "இந்த விளையாட்டு யாரைக் கிண்டல் பண்ணுதுன்னு ஒங்களுக்கு இன்னும் புரியல" என்றேன். அவர் "ஒங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வெளியே போனார்.

அன்று மத்தியானம் யாரையும் கேட்காமல், அந்த அம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிற படத்தையே லேபிளில் வைத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சிக்கு போன் வந்தது. "பட்டாசு டப்பாவுல ஆடு மேய்க்கிற பொம்பள எதுக்கு?" என்று கேட்டார்களாம். ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது. அண்ணாச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் மகனின் யோசனைதான் என்று நினைத்து என் எதிரிலேயே அவரைத் திட்டினார். எனக்கு விழவேண்டிய திட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டே பழைய லேபிள் ஒன்றுக்கு நிறம் மாற்றினேன். அதன் பிறகு தம்பி என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. வேலை இருந்தால் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

மாசி மாதம் ஒருநாள் அந்த அம்மாவைப் பார்க்க ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் ஆடு கடிக்க இலைக்குழையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"போட்டோவ அழிச்சிட்டியா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"நான் கத்தும்போது நீ எதுக்கு வாயத் தொறக்கல? எங்க சித்தி இவுக, வாங்க தம்பி போயிருவோம்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு எம்புட்டு நேரமாகும்?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னேன். அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நான் கிளம்பினேன்.