மூன்றாம் படத்திலுள்ள ஒரு கோடு

என் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பாதி கணினி வலையமைப்பு, பாதி ஹார்மோன் மருத்துவம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறாயே என்று பல்கலைக்கழகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த முடிச்சு எப்படி விழுந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

முடிச்சைப் போட்டவர் கண்டியிலிருந்து வந்த ஹார்மோன் டாக்டர். சிங்களப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகப் பேசுவார். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் அதிகமாகப் போய்விட்டால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் ஒரு சுரப்பி செத்துப்போகலாம் என்றார். அதன் பிறகு பால் சுரக்காது. மாதவிலக்கு நின்றுவிடும். வெயிலிலும் குளிரும். நாலு படி ஏறினால் உட்காரத் தோன்றும். "பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கமாட்டார்கள். சோம்பேறி மாதிரி இருப்பார்கள். பிறகு ஒரு நாள் சாதாரணக் காய்ச்சல் வந்து கொண்டுபோய்விடும்" என்றார். மருந்து என்னவோ தினமும் போடுகிற சின்ன மாத்திரைதான். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அதற்குக் காலையில் எடுக்கிற இரத்தம் வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சோம்பேறி என்ற சொல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை பெண்கள் மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்துப் பெண்களைச் சோதித்து முடிவை வீட்டுக்கே அனுப்ப ஒரு வலையமைப்பு வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். மடுவில் இருக்கிற லயங்களுக்குக் கைபேசிச் சமிக்ஞை ஒழுங்காக வராது. மேட்டுக்கு ஒன்றாக நான் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பொருத்தினேன். மழையில் இணைப்பு அறுந்தால் செய்தி பெட்டியிலேயே காத்திருக்கும். இணைப்பு வந்ததும் அடுத்த பெட்டிக்குப் போய், கடைசியில் அந்தப் பெண்ணின் வீட்டுக் கைபேசிக்குப் போய்விடும். இரத்தப் பரிசோதனை முடிவு இந்த வழியாகத்தான் போனது. ஒரு செய்திகூடத் தொலையவில்லை. அதை நான் கட்டுரையில் எழுதியும் வைத்தேன்.

பிரசவத்தில் இரத்தம் அதிகம் போன பெண்களின் பட்டியல் கைக்கு வந்ததும், அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று டாக்டர் கேட்டார். பெரட்டில் வாசிக்கச் சொல்லலாம் என்று யோசனை சொன்னது நான். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடுகிற இடம் அது, பேர் கூப்பிடுவதும் அங்கேதான். எங்கள் ஆட்கள் எதைத் தவறவிட்டாலும் பெரட்டைத் தவறவிடமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அங்கே ஒரு பேரை வாசித்தால், அந்த ஆள் வராவிட்டாலும் பக்கத்தில் நிற்கிற யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சொல்லவேண்டிய சங்கதி என்றே தோன்றவில்லை. என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் பக்கத்து வீட்டுச் சித்தி அப்படித்தான் குரல் கொடுப்பாள்.

இரத்தம் எடுத்த அன்று தோட்டத்து டிஸ்பென்சரியில் கூட்டம். அடையாள அட்டையையும் ஆளையும் பார்த்து, எண் எழுதிய துண்டைக் கொடுப்பது என் வேலை. ஒரு பெண் மேட்டிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தாள். அட்டையில் இருந்தவளுக்கு நீண்ட முகம். எதிரே நின்றவளுக்கு வட்ட முகம், வயதும் குறைவு.

"புள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டேன்.

அவள் தகரக் கூரையைப் பார்த்தாள். "ஒண்ணரை... இல்ல மிஸ், ஒண்ணே முக்கா."

பெற்றவள் எவளும் அதற்குக் கூரையைப் பார்க்கமாட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்தது. இருவரும் லேசாகச் சிரித்துக்கொண்டோம். நாற்பத்தொன்று என்று எழுதித் துண்டை நீட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் எல்லோர் முன்னாலும் அவளுக்கு அவமானம் என்று நினைத்தேன். ஓர் ஆளால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். ஆனால் உண்மையான காரணம் அசிங்கமானது. எனக்கு அது பிடித்திருந்தது. படித்துப் பட்டம் வாங்கினாலும் நான் இன்னும் உங்களில் ஒருத்திதான் என்று காட்டிக்கொள்ள அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது.

நாற்பத்தொன்றின் முடிவு நன்றாக இருந்தது. செய்தி போனது. "உங்கள் முடிவு வழமையாக உள்ளது" என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். அது விறைப்பாக இருக்கிறது என்று சொல்லி, "பயப்பட ஒன்றுமில்லை" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது நான்.

ஒரு வருடம் கழித்து இரண்டாவது பரிசோதனை. நான் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தேன், மருத்துவமனைத் தாதி ஒருவர் போய் இரத்தம் எடுத்து வந்தார். நாற்பத்தொன்று நேரத்துக்கு வந்திருந்தாள். கட்டுரையின் மூன்றாம் படத்தில் ஒவ்வொரு பெண்ணின் இரண்டு முடிவுகளையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தோம். பல கோடுகள் சரிந்தும் ஏறியும் கிடந்தன. நாற்பத்தொன்றின் கோடு மட்டும் மட்டப்பலகை வைத்து இழுத்தது போல நேராக ஓடியது. கூட்டங்களில் பேசும்போது அந்தக் கோட்டைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவேன்.

கட்டுரை வெளிவந்த பிறகு, பெட்டிகளைக் கழற்ற மஸ்கெலியாவுக்குப் போனேன். பரிசோதனைக்கு வந்த பெண்களுக்கு நன்றிக் கடிதங்களும் கையில் இருந்தன. அவற்றை யார் யார் எந்த லயம் என்று பிரித்துத் தந்த மருத்துவிச்சி, நாற்பத்தொன்றின் கடிதத்தை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் புள்ள போன வருசம் சித்திரையிலயே செத்துப்போச்சே" என்றார்.

இரண்டாவது இரத்தம் எடுத்தது அதே வருடம் ஆடியில். மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போனவள் வந்து, கையை நீட்டி, இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டைத் தேடிப் போனேன். வட்ட முகத்துக்காரி வாசலில் நின்றாள். செத்தவளின் நாத்தனார்.

"வருவீங்கன்னு தெரியும் மிஸ்" என்றாள். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். "பெரட்டுல அண்ணி பேர வாசிச்சாங்க. அது எந்திரிக்கவே இல்ல. வெயில் அடிக்குது, கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டு கெடக்குது. பேரு விடுபட்டுறக் கூடாதுன்னு நான் போனேன். அப்புறம் போன்ல அந்த மெசேஜ் வந்துச்சு. அண்ணன் கொழும்புல கடையில நிக்குறாரு, அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். கம்ப்யூட்டரே பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சு, இவ சும்மா படுத்துக் கெடக்கான்னுட்டாரு. ஹட்டன் ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போறத அதோட விட்டுட்டோம்."

"அது உங்க ரத்தம்னு சொல்லலையா?"

"பயம் மிஸ். அசதிதானே, தானா சரியாயிரும்னு மனசத் தேத்திக்கிட்டேன். பங்குனி முடியுறப்ப காச்சல் வந்துச்சு. ரெண்டே நாளு." வாசற்படியில் உட்கார்ந்தாள். "செத்தப்புறமும் உங்க மெசேஜ் வந்துச்சு. பேர் போட்டு, வாங்கன்னு. போகாட்டி தேடி வருவீங்க, எல்லாம் வெளிய வந்துரும்னு மறுபடியும் போனேன். ஊசி குத்துறப்ப அந்த நர்ஸ் அண்ணி பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் ம்னு சொன்னேன். அன்னையிலருந்து யாரு என்னயக் கூப்பிட்டாலும் அந்தப் பேருதான் காதுல கேக்குது."

பிறகு கேட்டாள்: "அன்னைக்கு அண்ணியே போயிருந்தா உசுரோட இருந்திருக்குமா மிஸ்?"

இருந்திருப்பாள். தினமும் ஒரு மாத்திரை. அது எனக்குத் தெரியும்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றேன். "ஒங்க மேல தப்பில்ல." நீதிபதி மாதிரி அவளை மன்னித்துவிட்டு பஸ் ஏறினேன். என் பங்கைப் பற்றி மூச்சுவிடவில்லை.

டாக்டரிடம் ஆள் மாறிய கதையைச் சொன்னேன். அவர் நாற்பத்தொன்றின் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு, "அட்டையை யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். கூட்டமாக இருந்தது என்றேன். சஞ்சிகைக்கு எழுதினோம். பங்குபற்றிய ஒருவரின் மாதிரிகள் வேறொருவருடையவை எனத் தெரியவந்ததால் நீக்கப்படுகின்றன என்று திருத்தம் வந்தது. எல்லாமாக இரண்டு வரி. மூன்றாம் படத்திலிருந்து அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். நான் பழைய படத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் யாருடைய கைபேசியாவது செய்தி வந்து சிணுங்கினால், பயப்பட ஒன்றுமில்லை என்று என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

ஒரு நாள் வகுப்பில் வரவு எடுத்தபோது, வராத தோழிக்காக ஒரு மாணவி குரல் கொடுத்தாள். ஊர் உலகத்தில் நடக்காததில்லை. நான் கத்திய கத்தலில் வகுப்பே உறைந்துபோனது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். என்னைத் திட்டுவதற்குப் பதில் யாரோ ஒரு பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு மஸ்கெலியா பஸ்ஸில் இருந்தேன்.

நாத்தனார் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தேநீர் தருகிறேன் என்று எழுந்தவளை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன். அண்ணி வந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம், பிழைத்திருப்பார் என்று சொன்னேன். அன்று வந்தது அண்ணி இல்லை என்று அட்டையைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அப்ப நீங்க என்னயத் திருப்பி அனுப்பியிருக்கலாமே மிஸ்" என்றாள். "ஓடிப்போயி அண்ணிய எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேனே. தூக்கிட்டாவது வந்திருப்பேன். அஞ்சு நிமிசம்தானே."

அவள் குனிந்து மறுபடியும் துணியை அலசத் தொடங்கினாள். நான் படிகளில் இறங்கினேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் நடந்தேன். அப்படியும் டிஸ்பென்சரி வந்து சேர ஐந்து நிமிடம் ஆகவில்லை.